சோசல் இல்லை அக்கா, சோசியோலொகி

இன்று பிராங்பேர்ட்டில் தமிழ்க் கடைக்குப் போனேன். வரிசையில் முன்னால் நின்ற அக்கா என் கையிலிருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன பிள்ளை படிக்கிறீர்?"

"பின்னேரத்தில மக்கள் கல்லூரியில சோசியோலொகி, அக்கா."

"ஐயோ, சோசலோ? அப்பாக்கு வேலை போயிட்டுதோ?"

எங்கள் சனத்துக்கு சோசல் என்றால் அரச உதவிப் பணம். நான் படிப்பது சமூகவியல் என்று விளக்கினேன். அவர் முகம் இன்னும் சுருங்கியது.

"அதைப் படிச்சு என்னத்தை வெட்டி விழுத்தப் போறீர்?"

"யூனிவர்சிட்டிக்குப் போகலாம். பிறகு நகரசபையில, ஆய்வு வேலையில சேரலாம்."

"ம்... அது கிடக்கட்டும். ஊரில எவடம்?"

அப்பாவின் ஊரைச் சொன்னேன்.

"ஊர் தெரியும். கோயிலுக்கு எந்தப் பக்கம்?"

நான் பிறந்ததே இங்கேதான். அந்தக் கோயிலைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எந்தப் பக்கம் என்றால் எந்தச் சாதி என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியும்.

"அக்கா, இதைத்தான் நாங்கள் படிக்கிறம்," என்றேன். "இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தும், ஒரு மனிசி ஏன் இந்தக் கேள்வியையும் கட்டிக்கொண்டு வந்தவ எண்டு."

கடைக்கார அண்ணை தராசிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அக்கா கையிலிருந்த முருங்கைக்காயை வாங்காமலே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உங்களிடம் கடைசியாக 'எந்தப் பக்கம்' என்று கேட்டது யார்? கீழே எழுதுங்கோ. படிப்பு முடிய எனக்கு வேலை இல்லாமல் போகாது போலிருக்கிறது.