பாப் கட் மரம்

என் அக்காவால் சும்மா இருக்க முடியாது. இதைக் குறையாகத்தான் சொல்கிறேன். பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில், நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் பழைய சுவரொட்டியை ஓரத்திலிருந்து உரித்து முடித்துவிடுவாள். எதிரே நிற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தோளில் கிடக்கும் முடியை எடுத்துப் போடுவாள். உட்கார்ந்தால் கால் ஆடும். சின்ன வயதில் வீட்டில் வைத்த பட்டப்பெயர் பம்பரம். ஐம்பது ஆகப் போகிறது, இன்னும் சுற்றி முடிக்கவில்லை. எனக்கு நாற்பத்தியொன்று. என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பெண்கள் பார்லர் நடத்துகிறோம். இரண்டு நாற்காலிகள், ஒரு நீளக் கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி, பின்னால் நாங்கள் குடியிருக்கும் ஒன்றரை அறை. முடி வெட்டுவது அக்கா. புருவம், முகம், நகம் எல்லாம் நான். இது எங்களுக்கு ஐந்தாவது இடம். முதல் இடத்தில் தண்ணீர் சரியில்லை. இரண்டாவதில் எதிர்க்கடைக்காரர் பார்வை சரியில்லை. மூன்றாவதில் வெயில் நேராக முகத்தில் அடித்தது. நான்காவதில் என்ன சரியில்லை என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அவள் முடிவெடுப்பாள், நான் கண்ணாடியைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டுவேன். வாடிக்கைக்காரர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று எனக்கு மனப்பாடம் ஆகும் நேரத்தில் வண்டி வந்து வாசலில் நிற்கும்.

இந்த இடத்தில் மட்டும் ஏழு வருடம் தாக்குப்பிடித்தோம். அதற்குக் காரணம் மரம்.

குடிவந்த முதல் வாரமே அக்கா நர்சரியிலிருந்து ஒரு மந்தாரைக் கன்றை வாங்கி வந்து வாசலில் பக்கவாட்டு மதில் ஓரமாக நட்டாள். முழங்கால் உயரம்தான். கன்றின் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஊதா கலந்த ரோஜா நிறத்தில் ஒரு பூவின் படம். "பூக்கட்டும் பாரு, தெருவே நின்னு பாத்துட்டுப் போகும்" என்றாள். அவள் மண்ணில் ஒன்றை நட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நட்டவள் பூ வரும் வரையாவது இருப்பாள் அல்லவா என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த மாதமே கிளம்பியிருப்பாள்.

மந்தாரை நன்றாகத்தான் வளர்ந்தது. பாதி வரை பிளந்த இலைகள் திக்குத்திக்காகக் கிளம்பி, மூன்றாம் வருடம் வாசல் நிலையைத் தாண்டிவிட்டது. அங்கேதான் வினையும் ஆரம்பித்தது. நுனியை வெட்டினால் முடி நன்றாக வளரும் என்பது அக்கா இருபது வருடமாக ஓதிவரும் வேதம். முடி வேரிலிருந்துதானே வளர்கிறது, நுனிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை கேட்டுவிட்டு நான் பட்ட பாடு போதும். தலைக்குப் பொருந்துவது மரத்துக்கும் பொருந்தும் என்று அவள் முடிவு கட்டினாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. முக்காலியைப் போட்டு ஏறி, எல்லாக் கிளைகளின் நுனியிலும் ஒரு விரல் நீளத்துக்குக் கத்தரித்துவிடுவாள். கை போகிற வேகத்தில் கத்தரிக்கோல் கண்ணுக்குத் தெரியாது. பத்து நிமிட வேலை. பிறகு சுற்றி வந்து, எங்காவது தூக்கலாக இருந்தால் அங்கே இன்னும் கொஞ்சம்.

மரம் அடர்ந்து உருண்டு, கழுத்தளவுக்கு முடி வெட்டிய பள்ளிக்கூடப் பெண்ணின் தலை மாதிரி ஆயிற்று. தெருவில் அதற்குப் பாப் கட் மரம் என்று பெயர் வந்தது. வழி கேட்பவர்களுக்கு அதைத்தான் அடையாளம் சொன்னார்கள். அக்காவுக்கு அதில் பெருமை.

பூ மட்டும் வரவில்லை. குளிர் மாதங்களில் பூக்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. நான்காவது குளிர் வந்து போனது, ஐந்தாவது போனது, ஆறாவதும் போனது. முதலில் மண் சரியில்லை என்றாள். பிறகு தண்ணீர். பிறகு மாடியிலிருந்து வழியும் சோப்புத் தண்ணீர். கடைசியில் நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"அட்டையில பூவைக் காட்டி விக்கறீங்க. மரத்துல எங்க?"

நர்சரிக்காரர் தொட்டிக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார். "மரத்துக்கு என்னம்மா பண்றீங்க?"

"என்ன பண்ணலைன்னு கேளுங்க. தண்ணி, உரம், மாசா மாசம் வெட்டு. என் தலையைக்கூட நான் இப்படிப் பாத்துக்கிட்டதில்லை."

"கொஞ்ச நாள் சும்மா விட்டுப் பாருங்களேன்."

"சும்மா விடறதுக்கு ஒரு கல்லை வாங்கி வச்சிருப்பேனே" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவள், வீடு வரும் வரை அவரைத் திட்டித் தீர்த்தாள். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று அன்று எனக்கும் உறைக்கவில்லை.

வீட்டுக்காரர் மாடியில் இருக்கிறார். ஏதோ அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்ன தேதி, சொன்ன நேரம், சொன்ன சொல் என்று வாழ்பவர். வாசலில் சிமென்ட் போட்டு வண்டி நிறுத்த வேண்டும் என்று மூன்று வருடம் முன்பே கேட்டார். அக்கா பிடித்த பிடியில், "சரி, பூத்தா விட்டுடறேன்மா" என்று இறங்கி வந்தார். இந்த வருடம் அவர் மகளும் மருமகனும் காரோடு இங்கேயே வந்து தங்கப்போகிறார்கள். இருபதாம் தேதி கொத்தனார் வருவார் என்று இரண்டு மாதம் முன்னதாகவே படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை பூக்காவிட்டால் மரம் கிடையாது.

அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மரம் போச்சுன்னா நாமளும் கிளம்பிடலாம் பாப்பா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இடம் காலியா இருக்காம்."

கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பதுபோல் சொன்னாள். எனக்கு இந்தத் தெரு பிடித்திருந்தது. முகத்துக்குக் கிரீம் தடவ ஆரம்பித்ததும் குறட்டை விடும் எங்கள் வாடிக்கைக்கார டீச்சரைப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக என் பெயரில் ஒரு நூலக அட்டை இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே நானும் மரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்த வாரமே அக்கா தொட்டிப் பக்கம் ஷாம்பூத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு என்றார் டாக்டர். அவள் கையை வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்து அடுத்த தடவை அதை ஏழாக்கினார்.

அந்த ஏழு வாரமும் நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரக் கூடாது. கத்தரிக்கோலை நான் எடுத்தேன். அக்கா என் முதுகுக்குப் பின்னால் நடந்தாள். "இடது பக்கம் அரை விரல் கூட இருக்கு." "அக்கா, உக்காரேன்." "உக்காந்துதானே இருக்கேன்" என்று நடந்துகொண்டே சொல்வாள். வாசலுக்குப் போவாள், உள்ளே வருவாள், துண்டுகளை ஒற்றைக் கையால் கலைத்துத் திரும்ப மடிப்பாள். டீச்சர்கூட, "உங்கக்காவைப் பாத்தா எனக்குத் தலை சுத்துதும்மா" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

முதல் திங்கட்கிழமைகள் இரண்டு, வெட்டு இல்லாமலே கடந்து போயின. மரம் நாலாபக்கமும் கிளை நீட்டி, தூங்கி எழுந்த தலையாக நின்றது. "இந்த வெட்டும் தவறிப் போச்சே, இனி எங்க பூக்கும்" என்று புலம்பினாள். என்னை வெட்டச் சொன்னாள். கடையில் வேலை இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். இடது கையால் வெட்டுகிறேன் என்று முக்காலியில் ஏறி விழுந்து வைப்பாளோ என்று பயந்து, மரம் வெட்டும் பழைய கத்தரிக்கோலைத் துண்டு அடுக்குக்குப் பின்னால் ஒளித்தேன்.

இருபதாம் தேதிக்குப் பத்து நாள் இருந்தது. பஞ்சும் கிரீமும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பினேன். மரத்தடியில் முக்காலி. அதன்மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். காலடியில் வெட்டிய நுனிகள். நான் ஒளித்து வைத்த கத்தரிக்கோல் தரையில் கிடந்தது. கோபத்தில் வாயைத் திறந்த நான், அவள் கால் ஆடவில்லை என்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"இதைப் பாரு" என்று மடியிலிருந்து ஒரு நுனியை எடுத்து நீட்டினாள்.

இலைக்காம்பு சேரும் இடத்தில், கூர்மையாக, பச்சையும் பழுப்புமாக ஒரு சின்ன முளை. பக்கத்தில் இன்னும் இரண்டு. துளிர் என்று நினைத்தேன். அக்கா நகத்தால் ஒன்றைக் கீறிப் பிளந்தாள். உள்ளே ரோஜா நிறத்தில், கசக்கி மடித்த துணி போல, இதழ்.

"இடது கைக்கு வெட்ட வரலை பாப்பா. ஒவ்வொரு நுனியாப் பிடிச்சு, கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாத்து வெட்ட வேண்டியிருந்துச்சு. அப்பதான் பாத்தேன்." பிளந்த மொட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "மண்ணு இல்லை. தண்ணி இல்லை. அந்த நர்சரி மனுசன் பாவம், அவர் மேலயும் தப்பு இல்லை. வருசா வருசம் மொட்டு வந்திருக்கு. நான்தான் சீவித் தள்ளியிருக்கேன்."

அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று அழுதாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. கோபமும் பாவமும் சேர்ந்தே வந்தன. தெருப் பக்கத்துக் கிளைகள் முழுக்க மொட்டையாகியிருந்தன. மதில் பக்கம் அவள் கை எட்டாததால் தப்பித்திருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே மாடிப்படி ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு அவள் பேசி அன்றுதான் கேட்டேன்.

"மரத்து மேல தப்பு இல்லை சார். என் கைதான் கெடுத்துச்சு. இப்ப மொட்டு வச்சிருக்கு. கொஞ்ச நாள் கூட விடுங்க."

வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "கொத்தனாருக்குச் சொல்லியாச்சேம்மா. பூத்தா விட்டுடறேன்னுதான் சொன்னேன். இருபதாம் தேதி வந்து பாக்கறேன்."

அந்தப் பத்து நாளில் நாங்கள் இருவருமே பம்பரமானோம். மொட்டுகள் ஒரு விரல்கணு நீளத்துக்கு வந்தன. அக்கா தண்ணீர் ஊற்றப் போவாள், ஊற்றலாமா கூடாதா என்று தெரியாமல் வாளியோடு திரும்பி வருவாள். கட்டு பிரித்த அன்று, மருத்துவமனையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மதில் பக்கம் ஓடினாள். ஒரு மொட்டின் முனையில் நிறம் தெரிந்தது. அவ்வளவுதான்.

இருபதாம் தேதி எட்டு மணிக்குக் கொத்தனார் ரம்பத்தோடு வந்துவிட்டார். வீட்டுக்காரர் இறங்கி வந்து, மதிலோரம் நின்று, அந்த ஒற்றை மொட்டை வெகுநேரம் பார்த்தார். அது லேசாக வாய் பிளந்திருந்தது.

"இது மொட்டும்மா" என்றார், வருத்தத்தோடுதான்.

"ஆமா சார். மொட்டுதான்" என்றாள் அக்கா. சண்டை போடுவாள் என்று பார்த்தால், விறுவிறுவென்று உள்ளே போய்ப் பரணிலிருந்து கண்ணாடி சுற்றும் போர்வையை இழுத்தாள். இளைத்துத் தோலுரிந்த வலது கையாலேயே இழுத்தாள். நான் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் வரலைக்கா."

"எங்க வரலை?"

"எங்கேயும் வரலை. மரம் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நீ போறதுன்னா போ. கண்ணாடி இங்கதான் இருக்கும், நானும் இங்கதான் இருப்பேன்." நாற்பத்தியொரு வருடத்தில் அவளிடம் நான் பேசிய மிக நீளமான எதிர்ப்பேச்சு அதுதான்.

அக்கா போர்வையைப் பிடித்தபடி நின்றாள். என்னை முதல் முறை பார்ப்பவள் போலப் பார்த்தாள். வாசலில் கொத்தனார் குரல் கேட்டது.

"சார், நீங்க சொல்லிட்டீங்கன்னா ஆரம்பிச்சுடுவேன். ஆனா இந்தப் பக்கம் ஒண்ணு பூத்திருக்கே, இது கணக்கு இல்லையா?"

நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தோம். எங்கள் மொட்டு அல்ல. அதற்கும் மேலே, மாடிச் சுவர் பக்கமாக இலைக்குள் மறைந்திருந்த வேறொன்று. நாங்கள் யாருமே பார்க்காதது. ஐந்து இதழும் விரித்து, உள்ளே நரம்பு ஓட, சாவகாசமாக மலர்ந்திருந்தது. வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார். பிறகு மரத்தைச் சுற்றிச் சதுரமாக இடம் விட்டுவிட்டு மீதிக்குச் சிமென்ட் போடச் சொன்னார். "கார் கோணலாத்தான் நிக்கும். நிக்கட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறினார்.

அக்கா மரத்தடியில் நின்றாள். எதிரே ஒரு கிளை மற்றவற்றைவிட ஒரு சாண் நீண்டு துருத்திக்கொண்டிருந்தது. அவள் வலது கை தன்பாட்டுக்கு அதை நோக்கிப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டாள். வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, இந்தக் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்."

பிடித்துக்கொண்டேன். மெலிந்து சூடாக இருந்தது. விரல்கள் என் கைக்குள் துறுதுறுத்தன.

"எத்தனை நாள் பூக்கும் இது?"

"தெரியலைக்கா. நாம எங்கேயும் இருந்து பாத்ததில்லையே."

அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. கொத்தனார் தரையில் கயிறு பிடித்து அளந்து முடித்துவிட்டார்.

"சரி, இருந்து பாத்துடுவோம்" என்றாள் அக்கா.