நீட்டிய கையும் ‘இருக்கட்டுங்க’வும்

ஒரே ஓர் ஐம்பது ரூபாய்த் தாளைப் பல ஆண்டுகளாக ஒரே மனிதருக்கு டிப்ஸாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்தத் தாள் இன்னமும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

ஆமாம், நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். நான் ஒரு கஞ்சன். ஆனால் சாதாரணக் கஞ்சன் என்று என்னை எண்ணிவிடாதீர்கள். கொடுக்காமல் இருந்து கஞ்சன் என்று பெயர் வாங்க எவனாலும் முடியும். கொடுக்காமலே வள்ளல் என்று பெயர் வாங்கியவன் நான்! இதற்குத் தனித்திறமை வேண்டும். அது என்னிடம் நிரம்ப இருந்தது.

சிங்காநல்லூரில் எனக்கு மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை. பகலில் வால்வு விற்பேன், ஓய்வு கிடைத்தால் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் காற்று அடைத்துக்கொண்டால் தொல்லைதான். நான் விற்கும் வால்வில் ஒருவகை உண்டு... தண்ணீர் ஒருமுறை மேலே போய்விட்டால் திரும்பி வர விடாது. என் ஐம்பது ரூபாய் அதற்கு நேர் எதிர் வகை. எத்தனை முறை போனாலும் திரும்பி வந்துவிடும்!

கடைக்கு அடுத்த தெருவில் வேலுச்சாமியின் சலூன். இரண்டே நாற்காலிகள். ஒன்றில் வேலுச்சாமி வெட்டுவார், கடை அவருடையது. மற்றொன்றில் அக்பர் பாய். உக்கடத்திலிருந்து வருகிறவர், கூலிக்கு வேலை செய்கிறவர். நான் எப்போதும் முதலாளி நாற்காலியில்தான் உட்காருவேன். தலையில் மிச்சமிருக்கும் சொற்ப முடிக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

வேலை முடியும். கூலியைக் கணக்காகக் கொடுப்பேன். பிறகு வருவதுதான் கலை!

வேலுச்சாமி என் கழுத்திலிருந்த துணியைக் கழற்றி, வாசல் பக்கம் திரும்பி, இரண்டு கைகளாலும் உதறுவார். அவருடைய இரண்டு கைகளும் வேலையாக இருக்கும் அந்த நொடி... அந்த நொடியில் நான் தாளை நீட்டுவேன்.

“இந்தாங்க வேலு, வெச்சுக்கங்க.”

“இருக்கட்டுங்க சார்.”

அவ்வளவுதான். தாள் பைக்குத் திரும்பிவிடும். நான் ஒரு பெருமூச்சு விடுவேன். ‘இந்த மனுசரைத் திருத்தவே முடியாது’ என்பது அந்தப் பெருமூச்சின் பொருள். காத்திருப்போர் பலகையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னை மதிப்போடு பார்ப்பார்கள். பழைய நோட்டுகள் செல்லாது என்று ஊரே வரிசையில் நின்றபோதுகூட என் ஐம்பதுக்கு ஆபத்து வரவில்லை. அதற்கு ஆயுள் கெட்டி.

நீங்கள் வேறு சீமைக்காரராக இருந்தால் கேட்பீர்கள்: அவர்தான் வேண்டாம் என்றாரே, உன் மேல் என்ன குற்றம்?

அங்கேதான் இருக்கிறது என் அயோக்கியத்தனம்!

எங்கள் பக்கத்தில் ‘இருக்கட்டுங்க’ என்றால் வேண்டாம் என்று பொருள் அல்ல. ‘இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று பொருள். கிணத்துக்கடவில் என் சித்தப்பா வீட்டுக்குப் போனால், காபி குடிங்க என்பார்கள். இருக்கட்டுங்க என்பேன். அட, ஒரு வாய் குடிங்க என்பார்கள். இப்பத்தானுங்க குடிச்சேன் என்பேன். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் காபி வந்து ஆடை கட்டியிருக்கும். முதல் அழைப்புக்கே ஒப்புக்கொள்கிறவனை எங்கள் ஊரில் பறக்காவெட்டி என்பார்கள். முதல் மறுப்பையே நம்பிவிடுகிறவனை என்னவென்பார்கள் என்று தெரியாது, ஏனென்றால் அப்படி ஒருவன் அங்கே இருந்ததில்லை.

ஒருமுறை சென்னையில் நண்பர் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பழக்க தோஷம், இருக்கட்டுங்க என்றேன். நண்பர் “அப்படியா?” என்று கேட்டுவிட்டு, குழம்புச் சட்டியை மூடி வைத்துவிட்டார்... மூடியே வைத்துவிட்டார்! கோயமுத்தூர் வந்து சேரும்வரை அவரை வைதுகொண்டே வந்தேன்.

ஆக, எனக்குத் தெரியும். அந்தச் சொல் எப்படி வேலை செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வேலுச்சாமியின் சட்டியை ஒவ்வொரு முறையும் மூடினேன்.

ஏன்? ஐம்பது ரூபாய் எனக்குப் பெரிதா? ஓட்டலில் பில் வைத்த தட்டில் சோம்புக்கு அடியில் தாராளமாக வைத்துவிட்டு வருகிறவன்தானே நான்? வீட்டுக்குச் சாப்பாடு வரவழைத்தால், கொண்டுவருகிறவருக்கு ஏதாவது கொடுக்கலாமா என்று செல்போன் கேட்கிறது. போனிடம் ‘இருக்கட்டுங்க’வை எதிர்பார்க்க முடியாது; கொடுத்துத் தொலைக்கிறேனே!

காசு அல்ல காரணம். தத்துவம்! நாலு புத்தகம் படித்தவனுக்குக் கஞ்சத்தனம்கூடத் தத்துவமாகத்தான் வரும். டிப்ஸ் என்பது பண்ணையார் காலத்து மிச்சம். கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே. உழைப்புக்கு விலை உண்டு, இனாம் எதற்கு? அதிலும் கடையின் முதலாளிக்கே இனாம் கொடுப்பது அவரை அவமதிப்பதாகாதா? இப்படியெல்லாம் எனக்குள் ஒரு மேடைப் பேச்சாளன் முழங்குவான். அவன் முழங்கும் நேரம் பார்த்துக் கை பைக்குள் போய்விடும்.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு சில்லறைப் பாவம். நான் நிற்கவில்லை. எழுதினேன்.

எங்கள் வாசகர் வட்டத்தின் மாத இதழில் ‘வாங்காத கை’ என்று ஒரு கட்டுரை. வேலுச்சாமியைப் பற்றி. எத்தனை முறை நீட்டினாலும் வாங்க மறுக்கும் தன்மானத்தைப் பற்றி. ‘இந்தக் கடையில் டிப்ஸ் கொடுப்பது இவர்களை இழிவுபடுத்துவதாகும்’ என்று கடைசி வரி. நானே சொல்லக் கூடாது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அது அருமையான கட்டுரை! உணர்ச்சி, நயம், நடை எல்லாம் கூடிவந்திருந்தன. எழுதி முடித்து நானே கண் கலங்கினேன்.

இதழ் வந்ததும் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி, லேமினேட் செய்து, ஓர் அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போனேன்.

வேலுச்சாமி நின்றபடியே முழுதும் படித்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார்.”

“செவுத்துல மாட்டிப்போடலாமுங்க.”

“இருக்கட்டுங்க சார்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? பணம் கொடுக்கையில் ஒருபோதும் செய்யாததைச் செய்தேன். வற்புறுத்தினேன்! அட மாட்டுங்க என்றேன். கூச்சப்படாதீங்க என்றேன். நானே ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு நாற்காலிகளுக்கும் பின்னால் இருந்த சுவரின் நடுவே, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவிட்டு இறங்கினேன்.

அது பாட்டுக்கு அங்கே தொங்கியது. ஒவ்வொரு முறை முடிவெட்டப் போகும்போதும் கண்ணாடியில் என் எழுத்தை இடவலம் மாறிப் படிப்பேன். அப்படிப் படித்தாலும் நன்றாகவே இருந்தது.

இதற்கிடையே என் மகளுக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை தூத்துக்குடிக்காரர். நல்ல பையன், எதையும் நேராகச் சொல்கிறவர், நினைத்ததை நேராகச் செய்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெட்ட வேண்டும் என்றார். பெருமையோடு அழைத்துப் போனேன். வழியெல்லாம் வேலுச்சாமி புராணம்.

“அங்க டிப்ஸெல்லாம் வாங்க மாட்டாங்க மாப்ள. நானும் எத்தனையோ தடவ குடுத்துப் பாத்துட்டேன்.”

“அப்படியா மாமா!”

வேலுச்சாமி நாற்காலியில் வேறொருவர் இருந்தார். மாப்பிள்ளை அக்பர் பாயிடம் உட்கார்ந்தார். வெட்டி முடித்து, மீசை திருத்தி, தலையைத் தட்டிப் பிடித்துவிட்டார் பாய். மாப்பிள்ளை எழுந்தார். கூலி போக ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

“இருக்கட்டுங்க தம்பி.”

நான் மீசைக்குள் சிரித்தேன். பார்த்தீர்களா?

“அட, பிடிங்க பாய்!”

“பரவால்லீங்க தம்பி, இருக்கட்டும்.”

“என்ன பாய் நீங்க! பிடிங்கன்னா...” என்று சொல்லித் தாளை அவர் சட்டைப் பைக்குள் செருகிவிட்டார் மாப்பிள்ளை.

அக்பர் பாயின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அது சிரித்தது. தயக்கமில்லாமல், பல் தெரிய, அகலமாகச் சிரித்தது. இழிவுபட்ட மனிதனின் முகம் அப்படி இருக்காது என்பது கட்டுரையாளனுக்கும் புரிந்தது.

“தம்பி வெளியூருங்களா?” என்று கேட்டார் பாய்.

“ஆமா பாய், தூத்துக்குடி. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அத நீங்க படிக்கலீங்களே!” பாய் சீப்பால் சுவரைக் காட்டினார். “சார் எழுதி மாட்டுனதுக்கப்புறம் உள்ளூர்க்காரங்க கைய நீட்டறதே இல்லீங்க. நீட்டுனா எங்களுக்கு அசிங்கமாப் போயிருமாமா!”

“பாய்...” என்று அதட்டினார் வேலுச்சாமி. கத்தரி நின்றுவிட்டது.

“இல்லீங்ணா, சும்மா தமாசுக்கு. அந்தக் காசுதானுங்க தம்பி என் வண்டிக்குப் பெட்ரோலு. இப்ப வண்டி ஊட்ல நிக்குது, நான் பஸ்ஸுல நிக்கறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்களிடம் மறைப்பானேன்... அப்போது என் மனத்தில் முதலில் எழுந்தது குற்ற உணர்வு அல்ல. பெருமை!

ஆமாம், பெருமைதான்! என் ஆயுளில் நான் எழுதிய எதையும் எவரும் பின்பற்றியதில்லை. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று எழுதினேன். என் வீட்டுத் தொட்டியே வழிந்து தெருவில் ஓடியது. கண்டபடி ஹாரன் அடிக்காதீர்கள் என்று எழுதினேன். படித்துவிட்டுப் பாராட்டியவரே ஹாரன் அடித்துக்கொண்டு போனார். ஆனால் இந்த ஒரு கட்டுரை... ஒரு பேட்டையின் வழக்கத்தையே மாற்றியிருக்கிறது! எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும் இந்தப் பேறு?

பிறகுதான் அந்த வண்டி நினைவுக்கு வந்தது. பாய் பஸ்ஸில் வர ஆரம்பித்தபோது நான் கவனித்திருக்கிறேன். கவனித்ததோடு விட்டேனா? ‘புகையில்லா நகரத்துக்கு ஓர் உழைப்பாளியின் பங்களிப்பு’ என்று அதையும் ஒரு பத்தி எழுதியிருக்கிறேன்.

வேலுச்சாமிக்காவது கடை இருக்கிறது. பாய்க்கு இருந்தவை அந்த நீட்டிய கைகள்தான். அவருக்கு நான் ஒருமுறைகூட நீட்டியதில்லை, பொய்யாகக்கூட நீட்டியதில்லை! ஆனாலும் அவருக்கு நீட்டப்பட்ட கைகளையெல்லாம் சுவரில் தொங்கியபடியே மடக்கிவிட்டேன்.

அங்கேயே, அப்போதே, என் ஐம்பதை எடுத்தேன். பாயிடம் நீட்டினேன்.

“இருக்கட்டுங்க சார்” என்றார் பாய்.

இரண்டாம் முறை சொல்ல வேண்டும். அதுதான் முறை, எனக்குத் தெரியாதா! வாயைத் திறந்தேன். ஆனால் என் கை... ஆண்டுக்கணக்கான பயிற்சி ஐயா அது! நான் வாயைத் திறப்பதற்குள் அது பைக்குத் திரும்பிவிட்டது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார். வழியெல்லாம் தூத்துக்குடி வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அவ்வளவு நல்ல பையன்.

திங்கள் முழுக்க எனக்கு வியாபாரம் ஓடவில்லை. செவ்வாய் சலூனுக்கு விடுமுறை. புதன் காலை வேலுச்சாமி கடை திறந்த கையோடு போய் நின்றேன். அக்பர் பாய் இன்னும் வந்திருக்கவில்லை. பஸ்.

“வேலு, அதக் கழட்டிரலாமுங்க” என்றேன், சுவரைக் காட்டி.

வேலுச்சாமி என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

“இருக்கட்டுங்க சார்.”

ஆகா! இந்தத் தடவை ஏமாறுவேனா? அந்தச் சொல்லின் உள்ளே இருப்பது எனக்குத் தெரியாதா? இத்தனை ஆண்டுகளாகக் கேட்காதது போல் நடித்ததை இன்றைக்காவது கேட்டுத் தீர வேண்டாமா?

“இல்லீங்க, கழட்டறேன்.”

“பரவால்லீங்க சார், அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“அட, நீங்க சும்மா இருங்க வேலு!”

மூன்றாம் சுற்று! முறைப்படி எல்லாம் நடந்தாயிற்று. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். தன் புகழைத் தானே சுவரிலிருந்து இறக்கும் எழுத்தாளன் எத்தனை பேர்? நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

ஆணியும் வந்தது, ஆணியைப் பிடித்துக்கொண்டிருந்த காரையும் வந்தது. பாளம் பாளமாகப் பெயர்ந்து, இரண்டு நாற்காலிகள் மேலும் என் தலை மேலும் உதிர்ந்தது. தூசி அடங்கியபோது சுவரில் ஒரு முழு ஓட்டை. அட்டை மாட்டிய பிறகு எப்போதோ ஓர் எலக்ட்ரீஷியன் அதன் பின்னால் வயர் இழுக்க உடைத்துவிட்டு, பூசாமலே போனாராம்; இத்தனை நாளும் அதை மறைத்துக்கொண்டிருந்தது என் அட்டைதான். ஓட்டைக்கு அந்தப் பக்கம் பேக்கரி. அங்கே டீயில் வர்க்கியை நனைத்துக்கொண்டிருந்த ஒருவர் அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலுச்சாமி துண்டை எடுத்துவந்து என் தலையைத் தட்டிவிட்டார். வெகு மரியாதையாகத்தான் சொன்னார்:

“இந்த ஒரு தடவதானுங்க சார், நெசமாலுமே இருக்கட்டும்னு சொன்னேன்.”