கையுறை கொடுத்ததாகப் போட்ட கையெழுத்து

போன வருஷம் தவக்காலத்தில் ஒரு காலை. தேரடிப் பக்கம் போய்விட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். வாசலில் என் மனைவி ஸ்டெல்லா என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இன்னாங்க, கால்ல ரத்தம் ஊத்திக்கினு கீது. வலிக்கலியா?"

குனிந்து பார்த்தேன். ஒரு செருப்பைக் காணோம். எங்கே கழன்றதென்று தெரியவில்லை. பாதத்தில் கண்ணாடித் துண்டு ஏறியிருந்தது. வலிக்கவில்லை.

நான் ராணுவத்தில் பதினெட்டு வருஷம் மெக்கானிக். வடக்கே, குளிர் கடுமையான ஊரில் பணிமனை. வண்டிப் பாகங்களில் ஒட்டிய கிரீசை ஒரு ரசாயனத் திரவத்தில் கழுவுவோம். குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு, வெறுங்கையால். முதலில் விரல் நுனி மரத்தது. பிறகு பாதம். கடைசியில் மருத்துவக் குழு என்னை வீட்டுக்கு அனுப்பியது. 'நரம்பு பாதிப்பு, பணியால் வந்ததல்ல' என்று எழுதிவிட்டார்கள். அதனால் ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடையாது.

மேல்முறையீடு செய்தேன். அதுவும் தள்ளுபடி. தினமும் கையுறையும் முகமூடியும் கொடுத்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதாம். போட்டவர் எங்கள் பணிமனையின் பொறுப்பில் இருந்த சுபேதார் தேவராஜ். நான் பொய்யனாகிவிட்டேன்.

மிச்சம் இருந்தது ராணுவத் தீர்ப்பாயம் மட்டும். மனு போட்டேன். நம்பிக்கையில் போடவில்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ராயபுரத்தில் கோயிலுக்குப் போனால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜெபம் வாய்க்கு வராது.

ஸ்டெல்லாதான் ஜெபித்தாள். "ஆண்டவரே, உண்மை தெரிஞ்சவர் ஒருத்தர் கீறார். அவரு வாயத் தொறக்கணும்."

தேவராஜைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அவளோ எங்கள் பழைய படைப்பிரிவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவர் எண்ணை எடுத்துச் செய்தி அனுப்பினாள். 'சார், என் கணவர் காலில் அடிபட்டாலும் அவருக்குத் தெரிவதில்லை. உங்களுக்காகவும் ஜெபிக்கிறோம்.' ஒரு மாதமாகியும் பதில் இல்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் கதவு தட்டும் சத்தம். தேவராஜ் சார். வேலூரிலிருந்து வந்திருந்தார். கையில் தடி. காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். அந்த நடையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. என் நடையும் அதுதான்.

"எனக்கும் மரத்துப்போச்சுப்பா," என்றார். "கையுறை கேட்டு எழுதினேன், வரல. இன்ஸ்பெக்‌ஷன்னாங்க. பயந்துபோயி, குடுத்ததா கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப எனக்குன்னு போய் எந்த மூஞ்சிய வச்சிக்கினு பென்ஷன் கேக்கறது? உனக்காவது உண்மைய எழுதிக் குடுக்கறேன்."

"இத எழுதிக் குடுத்தீங்கன்னா உங்களுக்குத்தான் பேஜாரு சார்."

"வரட்டும். உன் சம்சாரம் அனுப்பினத தெனம் எடுத்துப் படிக்கிறேன். ஒரு வார்த்த திட்டல அந்தப் பொண்ணு. அத என்னால தாங்க முடியல."

ஸ்டெல்லா அவருக்குச் சோறு போட்டாள். மறுநாள் வக்கீல் முன்னால் பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்திட்டார்.

மழைக்காலத்தில் தீர்ப்பு வந்தது. என் பாதிப்பு பணியால் வந்ததுதான், ஓய்வூதியம் தர வேண்டும் என்று சொன்னார்கள். ஸ்டெல்லா தீர்ப்பாய அறையிலேயே விம்மினாள். நான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அன்பானவர்களே, உள்ளதைச் சொல்கிறேன். என் கால் குணமாகவில்லை. மனமும் முழுக்க இளகவில்லை. ஆனால் கர்த்தர் செய்தார் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதரை என் வீட்டு வாசலுக்கு நானா கூட்டி வந்தேன்? ஜெபிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லையே என்று யாராவது விட்டுவிட நினைத்தால், விடாதீர்கள். நமக்கு உணர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கேட்கிறார்.

இப்போது தேவராஜ் சாருக்கான மனுவை நானும் அவரும் சேர்ந்து எழுதுகிறோம். பேனா என் விரலில் நிற்காது, அவர் விரலிலும் நிற்காது. ஸ்டெல்லா எழுதுகிறாள், நாங்கள் சொல்கிறோம். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆனாலும் உங்கள் ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள்.