ஸ்காட்லாந்துக்கு முன்கூட்டியே போன லோடு

பேக்கிங் செய்யும் இடத்தின் சிமெண்டுத் தரையில் டெஸ்பாட்ச் மேடம் சாக்பீஸால் வரைந்த படம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. எங்கள் யூனிட்டில் நல்ல பீஸுக்கு வெள்ளைக் குறி, கழித்துவிட்ட பீஸுக்குச் சிவப்புக் குறி. அந்த இரண்டு சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு டீ நேரத்தில் தரையில் குந்தி உட்கார்ந்தார். வெள்ளையில் ஒரு தீவை வரைந்தார். மேல் பகுதி சின்னது, கீழ்ப் பகுதி பெரியது. இரண்டுக்கும் நடுவே சிவப்பில் ஒரு கோடு இழுத்தார். கீழே இடது பக்கம் ஒரு துண்டு, கடல் தாண்டி இன்னொரு தீவின் மூலை. நாங்கள் டீ டம்ளரோடு சுற்றி நின்று பார்த்தோம்.

"மேல இருக்கறது ஸ்காட்லாந்து. நம்ம கவர் போறது இங்கதான். கீழ இங்கிலாந்து. இந்தத் துண்டு வேல்ஸ். கடல் தாண்டி இருக்கற மூலை வட அயர்லாந்து. இப்ப நாலும் சேர்ந்து ஒரே நாடு. மேல இருக்கறவங்க தனியாப் போலாமான்னு ஓட்டுப் போடப் போறாங்க."

ஊத்தங்கரையிலிருந்து வந்து எங்களோடு பேக்கிங் செய்துகொண்டிருந்த அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "போனாப் போவட்டும் மேடம். நாமளுந்தான் தருமபுரியை விட்டுப் பிரிஞ்சு கிருஷ்ணகிரி ஜில்லா ஆனோம். பஸ்ஸுல போர்டை மாத்துனாங்க. வேற என்னாத்த மாத்துனாங்க?"

எல்லோரும் சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. "அது ஜில்லா அக்கா. இது நாடு. நடுவுல கேட் வரும்" என்றார்.

எங்களுடையது ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய யூனிட். தண்ணீர் பம்புக்கு மேல்மூடி செய்கிறோம். அதைத்தான் கவர் என்போம். கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கத்து ஃபவுண்டரியிலிருந்து இரும்பு வார்ப்பு வரும். நாங்கள் கடைந்து, துளையிட்டு, எண்ணெய் பூசி, பெட்டியில் அடுக்கிச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புவோம். அப்போது எங்கள் வேலையில் முக்கால்வாசி ஸ்காட்லாந்தில் இருந்த ஒரு பம்பு கம்பெனிக்குத்தான். கப்பல் இங்கிலாந்தில் இறங்கும். அங்கிருந்து லாரியில் மேலே போகும். பம்பாக மாறிய பிறகு பாதி மறுபடி கீழே இங்கிலாந்துக்கு வரும், கொஞ்சம் கப்பல் ஏறி வட அயர்லாந்துக்குப் போகும், ரிப்பேர் பார்க்கிற இடம் வேல்ஸில் இருந்தது. ஒரு மூடி நாலு ஊரைப் பார்த்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது மேடம் சொல்லித்தான். நான் பத்தாவது வரை படித்தவன். பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிற வேலையில் இருந்தேன்.

மேடத்தின் வீடு அத்திப்பள்ளியில், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம். அவருடைய அம்மாவுக்குக் கேழ்வரகு விளைகிற மேட்டு நிலம் இருந்தது. அது எல்லைக்கு இந்தப் பக்கம், ஜூஜூவாடியைத் தாண்டி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ், போனில் இங்கிலீஷ் பேசுவார். மகனைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது இங்கேயும் வெளி மாநிலம் என்றார்கள், அங்கேயும் ஏதோ ஒரு சான்றிதழ் குறைகிறது என்றார்கள். அதை ஒரு வேடிக்கைக் கதை போலத்தான் எங்களிடம் சொன்னார். காவிரித் தகராறு வந்து பஸ்கள் எல்லையோடு நின்றுவிடுகிற நாட்களில், அத்திப்பள்ளியிலிருந்து நடந்தே வந்து, சேலை ஓரத்துப் புழுதியைத் தட்டிவிட்டு உட்காருவார்.

பந்த் என்று காதில் விழுந்தால் முந்தின நாளே எல்லாவற்றையும் எல்லை தாண்ட வைத்துவிட வேண்டும். ஓசூரில் டெஸ்பாட்ச் பார்க்கிற எவருக்கும் இது கை வந்த பழக்கம். யாரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது. மேடத்துக்கு அந்தப் பக்கத்துச் செய்தி முதலில் வந்துவிடும். அவர் சொன்னால் ஃபவுண்டரிக்கு லாரி அன்றைக்கே பறக்கும். மறுநாள் மற்ற யூனிட்டுகள் வார்ப்பு இல்லாமல் கை கட்டி நிற்கும்போது எங்கள் மெஷின்கள் ஓடும். அதற்காகவே முதலாளி அவரை மதித்தார்.

ஸ்காட்லாந்து கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தவர் ஒருவர் இருந்தார். மேடம் அவரோடு வாரம் ஒரு முறை போனில் பேசுவார். ஒரு நாள் பேசி முடித்துவிட்டு வெகுநேரம் ரிசீவர் மேலேயே கை வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவரு வீடு இங்கிலாந்துப் பக்கமாம் தம்பி. வேலைக்குத்தான் தினமும் ஸ்காட்லாந்து போறாராம். பொறந்ததுகூட அங்கதானாம். ஆனா வீடு இந்தப் பக்கம் இருக்கறதால அவருக்கு ஓட்டே இல்லையாம்" என்றார். சும்மா தலையாட்டினேன். அன்றிலிருந்துதான் மேடத்துக்கு அந்த ஓட்டெடுப்பு பக்கத்துத் தெரு விஷயம் போல ஆகிவிட்டது. அங்கே காசு மாறுமா, லாரியை நிறுத்துவார்களா, தினமும் கோடு தாண்டி வேலைக்குப் போகிறவன் என்ன செய்வான் என்று எங்களிடம் கேட்பார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதில்லை.

கடைசியில் முதலாளி அறைக்குப் போனார். பெட்டி அளவு சொல்வதற்காக நானும் கூடப் போய்க் கதவோரம் நின்றேன். மூன்று மாத லோடையும் ஒரே கண்டெய்னரில், ஓட்டுக்கு முன்னால் போய்ச் சேருகிற மாதிரி அனுப்பிவிட வேண்டும் என்றார் மேடம்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "கஸ்டமரைக் கேட்டீங்களாம்மா?"

"கேட்டா ஷெட்யூல்படி அனுப்புன்னுதான் சார் சொல்லுவாங்க. பந்த் அன்னைக்கு லெட்டர் போட்டுக் கேட்டுக்கிட்டு நின்னா லாரி தாண்டுமா?"

"தப்பாப் போச்சுன்னா?"

"பேக்கிங் பொம்பளைங்க யாரையும் நிறுத்தக் கூடாது. நான் போயிடறேன்."

"உங்களை யாரும்மா போவச் சொன்னது?" என்று முதலாளி சிரித்தார். ஆனால் சம்மதித்துவிட்டார். அதுவரை மேடம் சொல்லி ஒரு தடவையும் தப்பானதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடந்தது. கடைந்த இரும்பு முகத்தில் ஈரம் பட்டால் துரு ஏறிவிடும். அதனால் துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெயில் ஒவ்வொரு மூடியாக முக்கி, மெழுகுத்தாளில் சுற்றி அடுக்கினோம். எல்லோருக்கும் முழங்கை வரை எண்ணெய். "தீவாளிக்கு நாலு மாசம் முன்னாடியே எண்ணெய்க் குளியல் போட்ட ஆளுங்க நாமதான்" என்றாள் ஊத்தங்கரை அக்கா. மேடமும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு நின்று சுற்றினார். கண்டெய்னர் கதவைப் பூட்டி சீல் வைத்ததும் லாரி கிருஷ்ணகிரி ரோட்டில் போய் மறைகிற வரை கேட்டருகே நின்றார்.

லோடு ஓட்டுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. கூடவே ஸ்டோர்ஸ்காரரின் மெயிலும் வந்தது. கோபம் இல்லாமல்தான் எழுதியிருந்தார். எதற்கு இவ்வளவு அனுப்பினீர்கள், உள்ளே வைக்க இடமில்லை, வெளியே தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன், இங்கே தினமும் மழை என்று. மேடம் காரணம் எழுதினார். அதற்கு வந்த பதிலை எங்களுக்குத் தமிழில் சொன்னார். பிரிவது என்று முடிவானாலும் மறுநாள் காலையில் கேட் விழாதாம். உட்கார்ந்து பேசி முடிக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். அதுவரை லாரிகள் எப்போதும் போலப் போகுமாம்.

மேடம் பார்த்த எல்லைகள் எல்லாம் ஒரே காலையில் மூடுகிறவை. முந்தின நாள் சாயங்காலம் வதந்தி, மறுநாள் விடிந்தால் கல்வீச்சு. நிதானமாகப் பேசி மூடுகிற எல்லை ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எங்களில் எவருக்கும் தோன்றியிருக்காது.

முடிவு வந்த அன்று டீ நேரத்தில் மேடமே வந்து சொன்னார். "பிரிய வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"அப்ப கேட்டே இல்லையா? ஞாயித்துக்கெழமை குளிச்சதெல்லாம் வீணா?" என்று அக்கா கேட்க, மேடமும் சேர்ந்து சிரித்துவிட்டார். ஆனால் எங்கள் எல்லோருடைய மனதும் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில்தான் இருந்தது. துரு ஏறியிருந்தால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் பேக்கிங்கில் ஆள் வேண்டாம்.

அந்த வாரம் ஸ்டோர்ஸ்காரர் போனில் சொன்ன ஒன்றை மேடம் எனக்குச் சொன்னார். அவருக்கு நிம்மதிதானாம். ஆனால் கம்பெனியில் பிரிய வேண்டும் என்று இருந்தவர்கள் அழுதார்களாம். இங்கிலாந்துப் பக்கம் வீடு இருக்கிறவர் என்பதால் அவர்கள் சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்ததாம். பல வருடம் அவர்களோடுதான் சாப்பிட்டவராம். ஒரு ஊர் பிரிந்தால் பக்கத்து ஊருக்கு என்ன ஆகும் என்று பேசுகிறபோது வரி, லாரி, பாஸ்போர்ட் என்றுதான் பேசுகிறோம். பிரியாமலே இவ்வளவு ஆகும் என்று நான் நினைத்ததில்லை.

ஸ்காட்லாந்தில் பெட்டிகளைத் திறந்து பார்த்து எழுதினார்கள். மேலே இருந்த சில பெட்டிகளில் மட்டும் துரு, மற்றவை நன்றாக இருக்கின்றன, ஆர்டர் தொடரும், ஆனால் மூன்று மாதத்துக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். மூச்சு வந்தது. ஆனால் மூன்று மாதம் யூனிட்டில் வேலை இல்லை. முதலாளி எங்களை எல்லாம் கூப்பிட்டு, பேக்கிங்கில் நாலு பேர் கொஞ்ச நாள் ஊருக்குப் போய் இருந்துவிட்டு வாருங்கள் என்றார். போனவர்களைத் திரும்பக் கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

மேடம் எழுந்தார். "சார், அன்னைக்கு என்ன பேசினோம்?"

"அய்யோ, அதை இப்ப எதுக்கும்மா? நீங்க போயிட்டா அந்தப் பக்கத்து சேதியை எனக்கு யார் சொல்லுவாங்க?"

"போன் பண்ணிச் சொல்றேன் சார். என் சம்பளத்துல இவங்க நிப்பாங்க."

முதலாளி இரண்டு நாள் பேசிப் பார்த்தார். மேடம் அத்திப்பள்ளியில் வேறு ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டார். நாலு பேரும் நின்றார்கள். மூன்று மாதம் ஷெட்டுக்கு வெள்ளையடித்தோம், பெட்டி அடுக்குகிற பழைய மரப் பேலட்டுகளைச் சரி பண்ணினோம், உள்ளூர் வேலை கொஞ்சம் வந்தது. டெஸ்பாட்ச் என் கைக்கு வந்தது. போகிற அன்று மேடம் என்னிடம் சொன்னார். "கோவமெல்லாம் இல்ல தம்பி. ஒரு தடவை பயந்துட்டேன். இனிமே டிவியில என்ன சேதி வந்தாலும் என் கை லாரியைத் தள்ளத்தான் போவும். அது உங்களுக்கு நல்லதில்ல."

அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. ஓசூர் எல்லையில் வரி பார்க்கிற செக்போஸ்டில் மைல் கணக்கில் நின்ற லாரி வரிசை இப்போது இல்லை. மேடம் தரையில் வரைந்த அந்த நாலும் சேர்ந்து ஐரோப்பிய யூனியன் என்ற பெரிய கூட்டத்தை விட்டு வெளியே வந்தன. எங்கள் தரையில் சிவப்புக் கோடு போட்ட இடத்தில் கேட் வரவில்லை. யாரும் நினைக்காத கடலில், வட அயர்லாந்துக்குப் போகிற வழியில் பேப்பர் வேலை வந்தது. ஒரே நாட்டுக்குள் போகிற பம்புக்கு இப்போது எங்கள் மூடியைப் பற்றித் தனி விவரம் எழுதி அனுப்புகிறேன். பக்கத்தில் பந்த் என்றால் மட்டும் மேடத்தின் போன் முந்தின நாளே வந்துவிடும். "நாளைக்கு வண்டி ஓடாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

போன மாதம் பந்த் எதுவும் இல்லாமலே கூப்பிட்டார்.

"மறுபடி ஓட்டு வேணும்னு கேக்கறாங்களாமே?"

"ஆமாங்க மேடம். பேப்பர்ல போட்டிருந்தான்."

"என்ன பண்ணப் போற?"

"தெரியலீங்க. முதலாளியும் கேட்டாரு. கொஞ்சம் முன்னாடியே அனுப்பிடலாமான்னு ஒரு யோசனை."

"ஸ்டோர்ஸ்காரர் இன்னும் இருக்காரா?" என்றார் மேடம்.

"இருக்காருங்க. மெயில்லதான் பேசுவேன். போன்ல இங்கிலீஷ் எனக்கு வராது."

"என்ன பெரிய இங்கிலீஷ்? லோடு இப்ப வேணுமா, அப்புறம் வேணுமான்னு கேளு. அதை மட்டும் கேளு தம்பி. நான் அன்னைக்கு அதைத்தான் கேக்கல."

அன்று மாலையே ஸ்டோர்ஸ்காரரின் நம்பரை அழுத்தினேன். சொல்ல வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தேன். கம்பெனி பெயரைத்தான் சொன்னேன், அதற்குள் அவர் மேடம் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். தாளில் அதற்குப் பதில் இல்லை. நன்றாக இருக்கிறார், எல்லைக்கு அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.