சிவப்புக் கோட்டுக்கு அடியில்

மலேசியாவில், கிள்ளானில் வசிக்கும் கோமளவல்லி தன் கணவரிடமே "ஆபீஸ்ல வேலை" என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். நாடகத்துக்கு லைசன்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் தமிழ்ப் பிரதிகளைப் படித்து, ஆபாசமான வரிகளைச் சிவப்பு மையால் அடிப்பதுதான் அந்த வேலை.

அந்த ஞாயிறு மாலை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைமாடியில் நடந்த நாடகத்தில், அடித்த வரிகளை யாரும் பேசாமல் இருக்கிறார்களா என்று பார்க்க, நாற்பது நாற்காலிகளுக்கு நடுவே, பிரதியை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். நடிகை சேலையை உருவி எறிந்துவிட்டு உள்பாவாடையோடு நின்றாள். அடுத்து வருவது கோமளவல்லி அடித்த வரி. பாவி சொல்லித் தொலைத்தால் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நாடகம் நின்றுபோகும், பேப்பரில் இவள் பெயர் நாறும்.

நடிகை சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு கூட்டத்தையே பார்த்து நின்றாள்.

"இந்த ஒடம்ப ஒருத்தர் தொட்டுப் பதினோரு வருசமாச்சு."

எல்லாத் தலைகளும் திரும்பின. பேசியது தன் குரல்தான் என்பது கோமளவல்லிக்கு மெல்லத்தான் உறைத்தது.

பக்கத்து நாற்காலிப் பெண் குனிந்து கேட்டாள். "ஆன்டி, நீங்களும் நடிக்கிறீங்களா?"

கோமளவல்லி விரலால் பிரதியைத் தடவினாள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் 'நாலு வருசமாச்சு' என்றுதான் இருந்தது.