ஒரே கண்ட்ரோலரில் இரண்டு பேர்

மகள் விளையாடி முடித்து என் கையில் தந்த கண்ட்ரோலரில் சூடான ரப்பரும் வியர்வையும் கலந்த வாசனை வந்ததும், காரைக்காலில் செல்போன் கடைக்கு மேலே, செங்குத்தான படியேறிப் போகும் கேம் சென்டருக்குள் மறுபடி நின்றேன். நான்கு டிவி, கிறீச்சிடும் ஒரு ஃபேன், ஒரு பெஞ்ச். தோற்றவர் எழுந்துவிட வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்தே இருக்கலாம் என்பது அந்தப் பெஞ்சின் சட்டம்.

டியூஷன் முடிந்து எங்கள் ஊரான நெரவிக்கு பஸ் வரும்வரை நானும் என் தோழி ரஹ்மத்தும் அங்கே கால்பந்து ஆடுவோம். பையன்கள் பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியது, திசைக் குச்சி இறுகிப்போன பழைய கண்ட்ரோலரை. குச்சியைத் தள்ளவே எனக்கு இரண்டு கட்டைவிரலும் வேண்டியிருந்ததால், என் தோளில் சாய்ந்தபடி அவள் பட்டன்களை அழுத்துவாள். ஓடுவது நான், உதைப்பது அவள். முதலில் எங்கள் கோலுக்குள்ளேயே அடித்துக்கொண்டோம். போகப் போக, அவள் மூச்சைப் பிடித்தால் உதைக்கப்போகிறாள் என்று என் விரலுக்கே தெரிந்தது.

ஒருநாள் வரிசையாக ஆறு பேரைத் தோற்கடித்து எழுப்பினோம். ஏழாவதாக வந்தவன் நல்ல கண்ட்ரோலர்களை நீட்டி, "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டு ஆடுங்க" என்றான்.

"வேணாம், எங்களுக்கு இதே போதும்," என்றாள் ரஹ்மத், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவனும் தோற்று எழுந்தான்.

மகள் முகம் தெரியாத பத்துப் பேருடன் ஆன்லைனில் ஆடுகிறாள். எனக்கோ பக்கத்தில் ஒரு தோள் வேண்டும். அந்த மாடியை இடித்து வருடங்களாகிவிட்டன. ஆனால் அன்று பஸ்ஸையும் விட்டுவிட்டு, ஷட்டர் இறங்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்களை இன்றுவரை யாரும் எழுப்பவில்லை.