ஏரோப்ளேன் டயர்

எங்கள் ட்ராலியில் மாட்டியிருந்த இரண்டு டயர்களும் ஒரு காலத்தில் ஆகாயத்தில் பறந்தவை என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் நம்பியிருந்தால் பரவாயில்லை. ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேரை நம்பவைத்து, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்து, வரிசையில் நிற்கவைத்து, அந்த டயர்களைத் தொட்டுப் பார்க்கவும் வைத்தேன்.

பவர் டில்லருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சின்ன ட்ராலி அது. விஜயபுரம் பக்கத்திலிருந்து மாங்காய் ஏற்றிப் போகும் பெரிய டிராக்டர்களுக்கு நடுவே பார்த்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஆனாலும் அது நைனாவுடையது, என் அப்பாவுடையது. அதுவரை அடுத்தவர் தோப்புகளில் கூலிக்கு மாங்காய் பறித்துக்கொண்டிருந்தவர், அந்த வருடம்தான் முதல்முறையாக ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். டில்லரையும் ட்ராலியையும் நகரியில் பழையதாகப் பிடித்தார். வரும்போதே டயர்கள் மொட்டையாக இருந்தன. ஒரு சீசன் தாங்கும் என்று விற்றவர் சொன்னாராம்.

ஒரு லோடுகூடத் தாங்கவில்லை. தோத்தாபுரி மாங்காயை ஏற்றிக்கொண்டு மாங்கூழ் ஃபேக்டரிக்குக் கிளம்பிய முதல் நாளே, தோப்பு வேலியைத் தாண்டுவதற்குள் வலது டயர் வெடித்தது. இடது டயரில் ரப்பர் போய் உள்ளேயிருந்த நூல் தெரிந்தது. கையிலிருந்ததெல்லாம் குத்தகைக்குப் போயிருந்தது. பறித்த மாங்காயை நாலு நாளைக்குள் ஃபேக்டரியில் சேர்க்காவிட்டால் பழுத்து ஒழுக ஆரம்பித்துவிடும். நைனா ட்ராலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அம்மா மாங்காய்க் குவியலை வைக்கோலால் மூடினாள், மறுபடியும் திறந்து பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஒரு சரக்கு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் அம்மாவின் தம்பி, புத்தூரில் இருந்த என் மாமா.

அவருக்கும் நைனாவுக்கும் என் காதுகுத்திலிருந்து பேச்சு சரியில்லை. அன்றைக்கு அம்மா வீட்டுக்காரர்களில் யாரோ, விருந்துச் செலவுகூட நாங்கள்தான் செய்தோம் என்று பந்தியில் சத்தமாகச் சொல்லிவிட்டார்களாம். இனிமேல் உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றும் என் வாசலுக்கு வரக்கூடாது என்று நைனா அப்போதே சொல்லிவிட்டார். பொருள் வரவில்லை. மாமா மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தார். நைனாவை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார். அக்கா புருஷனைக் கூப்பிடும் தெலுங்குச் சொல்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அதைத் தெலுங்கு என்று நினைப்பதில்லை.

ஆட்டோவிலிருந்து இரண்டு டயர்களை உருட்டிவிட்டார் மாமா.

"இன்னாத்துக்கு வந்த?" என்றார் நைனா.

"நானா வந்தேன்? இதுங்க வந்துச்சி, நான் கூட வந்தேன். ரேணிகுண்டா ஏர்போர்ட்டு ஏரோப்ளேன் டயரு பாவா. கொஞ்சம் தேஞ்சாலும் கயட்டி போட்டுடுவாங்க. நம்ம கூட்டாளி ஒருத்தன் பழைய சாமான் எடுக்கறான். சும்மாதான் கெடக்குது, எட்த்துக்கினு போடான்னான்."

"உங்க வூட்டுது எதுவும் எனக்கு வாணாம்."

"எங்க வூட்ல ஏரோப்ளேன் கீதா பாவா?"

உள்ளே அம்மா சிரித்தது வெளியே கேட்டது. நைனா சிரிக்கவில்லை. குனிந்து டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். டயர் மேல் புடைத்திருந்த பட்டன்களின் இடுக்கில் நகத்தை விட்டு ஆழம் பார்த்தார். அதன் பக்கவாட்டில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகள் அவருக்குப் படிக்க வராது. வைக்கோல் மூடிய குவியலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "சீசன் முடிஞ்சதும் கயட்டி குடுத்துடுவேன்" என்றார்.

அந்தக் காலை முழுக்க நான் பள்ளிக்கூடத்தை மறந்துவிட்டேன். ட்ராலியின் அடியில் மரக்கட்டையை முட்டுக்கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றினார்கள். இரும்பு லிவரை விட்டு நெம்பி, பழைய டயரை ரிம்மிலிருந்து உரித்தார்கள். வந்த டயர் உட்கார்வதற்கு ரிம்மின் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவினார் மாமா. கைப்பம்பில் இரண்டு பேரும் மாறி மாறிக் காற்றடித்தார்கள். ஒருவர் மூச்சு வாங்கி நிற்கும்போது அடுத்தவர் பம்பை வாங்கிக்கொள்வார். அடித்ததை எண்ணும் வேலை எனக்கு. முந்நூற்றுச் சொச்சத்தில் கணக்கு விட்டுப்போயிற்று.

"எந்த ஊருக்குப் போன ஏரோப்ளேன் மாமா?" என்று கேட்டேன்.

"சிங்கப்பூரு."

"எப்டி தெரியும்?"

"மோந்து பாரு பாப்பா, தெரியும்."

மோந்து பார்த்தேன். சிங்கப்பூரில் ரப்பர் வாசனை அடிக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

மாமா போனபின் டயரில் இருந்த எழுத்து, எண் எல்லாவற்றையும் நோட்டுப்புத்தகத்தில் எழுதிவைத்தேன். 6.00-16 என்று ஒன்று. 8PR என்று ஒன்று. பட்டன்களின் இடுக்கைக் குச்சியால் குடைந்தபோது சிவப்பாக ஒரு கல் விழுந்தது. விரலில் தேய்த்தால் பொடியாக ஒட்டியது. எங்கள் ஊரில் அப்படிக் கல் கிடையாது. சிங்கப்பூர் கல் என்று பேர் எழுதி ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்தேன். அதைத் தொட்டுப் பார்ப்பதற்கும் வகுப்பில் வரிசை நின்றது.

சந்தேகம் வந்தது பஞ்சர் கடையில். நைனா காற்று சரிபார்க்கப் போனபோது நானும் கூடப் போய், கடைக்காரரிடம் மெதுவாக விவரத்தைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஜீப்பு டயரு பாப்பா இது. ஆறு இஞ்சி அகலம், பதினாறு இஞ்சி ரிம்மு, எட்டு பிளை, அதான் எட்டு அடுக்கு. இதுல ஏரோப்ளேன் எறங்குனா தரையில பொதஞ்சி பூடும்."

நைனா அப்போது டில்லரின் இரைச்சலுக்குள் இருந்தார், கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அழுகையைவிட யோசனை பெரிதாகிவிட்டது. ஏரோப்ளேனிலிருந்து வரவில்லை என்றால் எங்கிருந்துதான் வந்தது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சீருடைத் துணி எடுக்க அம்மாவோடு புத்தூர் போனேன். துணி எடுத்துக்கொண்டு, அம்மா தன் தம்பி வீட்டுக்கும் ஒரு நடை போனாள். மாமா வீட்டில் இல்லை. அத்தையும் அம்மாவும் உள்ளே பேச உட்கார்ந்ததும், மாமாவின் ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். அங்கே தார்ப்பாய் போட்டு மூடிய பெரிய சாமான் ஒன்று இருந்தது. மூடியிருந்தால் எனக்குத் திறந்தாக வேண்டும்.

உள்ளே மாமாவின் ட்ராலி. செங்கல் சூளையிலிருந்து கல் ஏற்றிப்போய் வீடு கட்டுகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் அவர் தொழில். ட்ராலிக்குச் சக்கரம் இல்லை. அடுக்கிய செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. டயர் உரித்த ரிம்கள் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. பலகையெல்லாம் சிவப்புப் பொடி. தொட்டுத் தேய்த்தேன். என் பெட்டிக்குள் இருந்தது செங்கல் சில்லு என்று புரிந்துவிட்டது.

"டயரு எங்க?" என்று குட்டியைக் கேட்டேன்.

"உங்க வூட்டுக்கு பூட்ச்சி."

"மாமா எங்க?"

"எங்க நைனா சூளையில கல்லு தூக்குது. தலையில." தன் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

கண்டுபிடித்துவிட்டேன்! பஸ்ஸில் வரும்போது அந்தச் சேதி என் தொண்டை வரைக்கும் நிறைந்திருந்தது. அம்மாவிடம் மட்டும் சொன்னால் வீணாகிவிடும் என்று அடக்கிவைத்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் நைனா ட்ராலியின் பக்கத்தில் குந்தி, மறுநாள் லோடுக்காகச் சக்கரத்தின் நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"நைனா, இது ஏரோப்ளேன் டயரே இல்ல. மாமாவோட ட்ராலி டயரு. கயட்டி நமக்கு குடுத்துட்டாரு. அவரு ட்ராலி செங்கல் மேல நிக்கிது. அவரு சூளையில கல்லு தூக்கினு கீறாரு."

"வாய மூடுடீ" என்று அம்மா ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கும் அது புதுச் சேதி என்பது முகத்தில் தெரிந்தது. நான் விடவில்லை. நம்பாவிட்டால் பாருங்கள் என்று பெட்டியைத் திறந்து செங்கல் சில்லை நீட்டினேன்.

நைனா அதை வாங்கவில்லை. ஸ்பேனர் நட்டின் மேலேயே இருந்தது. ஒன்றே ஒன்று கேட்டார்.

"தலையிலயா?"

"ஆமா. குட்டி சொல்லுச்சி."

ஏற்கெனவே முடுக்கிய நட்டை மறுபடியும் முடுக்கினார். அடுத்ததையும் முடுக்கினார். பிறகு எழுந்து தோப்புக்குள் நடந்துபோனார். யாரும் என்னைப் பாராட்டவில்லை. பொய் சொன்னதற்காக மாமாவுக்கு நன்றாகக் கிடைக்கப்போகிறது என்று மட்டும் நினைத்தேன்.

சண்டை ஒன்றும் வரவில்லை. மறுநாளும் ட்ராலி ஃபேக்டரிக்குப் போயிற்று. கடைசி லோடும் இறங்கி, ஃபேக்டரியில் பணம் கிடைத்த மறுநாள் காலையில் நைனா என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, டயரு நம்பரு எயுதி வச்சியே, அந்த பொஸ்தகத்த எட்த்துக்கினு வா."

திருப்பதிக்குப் போனோம். டயர் கடையில் முதலில் ஒன்றைக் காட்டினார்கள், நீளநீளமாகக் கோடு போட்டது. 6.00-16 என்று படித்து, சரிதான் என்றேன். நைனா கையால் தடவிவிட்டு, "இது டிராக்டர் முன் சக்கரத்துக்கு. லோடு தாங்காது" என்று தள்ளினார். அடுத்ததில் 6PR என்று இருந்தது. என் நோட்டில் எட்டு. அதையும் தள்ளினார். எட்டு பிளையில் ஒரு ஜோடி வந்தது. அதில் ஒன்றின் ஓரத்தில் முடி மாதிரி வெடிப்பு இருந்ததைக் கண்டுபிடித்து வேறு கொண்டுவரச் சொன்னார். அவர் தனக்கென்று ஒரு சட்டைகூட அவ்வளவு நேரம் பார்த்து எடுத்ததில்லை.

"வண்டியில இன்னா ஏத்துவீங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"செங்கல்லு."

"மாங்கா, நைனா" என்று திருத்தினேன்.

"கல்லா, மாங்காவா?"

"கல்லுதான்" என்றார் நைனா.

பஸ்ஸில் டயர்களைப் பின்பக்கம் நிறுத்தி, விழாமல் பிடித்துக்கொண்டே நின்று வந்தார். புத்தூரில் இறங்கு என்றார். நம் ஊர் இன்னும் வரவில்லை என்றேன். ஆளுக்கொரு டயராக உருட்டிக்கொண்டு போனோம். மாமா வீட்டுக்குள் நைனா நுழைந்ததை அன்றைக்குத்தான் நான் முதலில் பார்த்தேன்.

மாமா சூளையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலையிலும் புருவத்திலும் சிவப்புப் பொடி. டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார்.

"பாவா, நான் வந்து..."

"லிவரு கீதா?" என்றார் நைனா.

இரண்டு பேருமாகப் புது டயர்களை மாட்டி, அந்த ட்ராலியைச் செங்கல்லிலிருந்து இறக்கினார்கள். வேலை முடிந்ததும் நைனா அங்கேயே கைகால் கழுவி உட்கார்ந்து, அத்தை போட்ட சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு மனசே ஆறவில்லை. புது டயர் நாங்கள் வாங்கியது. பழைய டயர் மாமாவுடையது. புதியது அவர் வண்டியில் இருக்கிறது, பழையது எங்கள் வண்டியில் இருக்கிறது. சீசன் முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிடுவேன் என்று சொன்னவரும் இவர்தான்.

"நைனா, மாத்தி மாட்டிட்ட" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா இல்ல?" என்றார்.

தப்பை ஒத்துக்கொண்டுவிட்டார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி மறுபடியும் புத்தூருக்குப் போக வேண்டியிருக்கும் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன்.